செபஸ்தியம்மாவின் ஒட்டகம்

மண்ணெண்ணெய் வார்க்கிற தகரப் புனல்களில் மூன்றாவதையும் தலையில் கவிழ்த்து, இரண்டு விரலால் அதன் உச்சியில் ஒரு தட்டுத் தட்டி நேராக்கிவிட்டு, கடை வாசலில் தொங்குகிற முகக்கண்ணாடியில் இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்க்கிறார் செபஸ்தியம்மா. கடைக்கு வந்த சனம் ஒதுங்கி இடம் விடுகிறது. ஏறாவூரில் அசனார் ஹாஜியாரின் கடைக்கு அடிக்கடி போகிறவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. கொழும்பிலிருந்து சாமான் கொண்டுவந்த ஒருவர் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்.

“இது ஆருக்குப் புள்ள?” மண்ணெண்ணெய் அளந்துகொண்டே கேட்கிறார் ஹாஜியார்.

“ஏரோதுக்கு.”

“போன முறை அவனுக்கு ஒண்டு செஞ்சாய்தானே?”

“அது பிலாத்துக்குப் போயிற்று. ஏரோது கொழுத்த ராசா ஹாஜியார். அவன்ட கொழுப்புக்கு இந்த உயரம் காணாது. பெரிசா ஒண்டு எடுங்க.”

கொழும்புக்காரர் ஹாஜியாரின் காதுக்குள் ஏதோ கேட்கிறார். ஹாஜியார் குரலைத் தாழ்த்தாமலே பதில் சொல்கிறார்: “சீச்சீ, அப்பிடி ஒண்டுமில்ல தம்பி. ராசாக்களுக்கு முடி செய்யிற மனிசி. நல்ல மூளை.”

ஏறாவூரைத் தாண்டி மட்டக்களப்பு வாவிப் பக்கமாகத் திரும்பினால் எங்கள் ஊர். ஒரு கோயில், ஒரு பாடசாலை, தோணிகள் கட்டுகிற ஒரு துறை. அந்தோனியார் கோயில் மதிலுக்கு நேர் எதிரே, செபஸ்தியம்மாவின் புருசன் நோபேட் அண்ணனின் வீட்டு விறாந்தையில் ஒரு கைமெசின் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும். அதுதான் நாங்கள் செபஸ்தியக்கா என்று கூப்பிடுகிற அவருடைய உத்தியோகம். சட்டை, பாவாடை, தலையணை உறை, முதல்நன்மை எடுக்கிற பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு. அளவு நாடா ஒன்று கழுத்தில் தொங்கும். அதை அவர் எடுத்து நான் கண்டதில்லை. வந்த ஆளை ஒருதரம் மேலும் கீழும் பார்ப்பார், “சரி, போயிற்று வியாழக்கிழமை வாங்க” என்பார், அவ்வளவுதான். அவர் தைத்த உடுப்பு ஒருவருக்கு இறுகிற்று என்றோ தொங்கிற்று என்றோ இந்த ஊரில் நான் கேள்விப்பட்டதில்லை. வாசகர்கள் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தையல் வயிற்றுக்கு. நாடகச் சாமான் செய்வது அவருடைய சந்தோசத்துக்கு. எங்கள் ஊரில் தபசுகாலத்தில் சேசுவின் பாடுகளைக் காட்டுகிற ஒரு நாடகம், தை மாதத்தில் மூன்று ராசாக்களும் பாலனைத் தேடி வருகிற நாடகம் ஒன்று. இரண்டுக்கும் வேண்டிய ஆயுதம், ஆபரணம், செட்டை, செங்கோல் எல்லாம் அந்த விறாந்தையில்தான் பிறக்கும். உரோமைச் சேவகர் பிடித்து வருகிற கேடயம் சுளகு. அவர்களுடைய ஈட்டி வாசல் கூட்டுகிற தும்புத்தடி. தும்பைக் கழற்றிவிட்டு அகப்பை ஒன்றைச் சொருகி வெள்ளித்தாள் ஒட்டியது. வானத்திலிருந்து வருகிற கபிரியேல் சம்மனசின் செட்டை இரண்டும் ஓலை விசிறிகளை அடுக்கிக் கட்டியவை. சம்மனசு செட்டையடித்தால் பக்கத்தில் நிற்கிற இடையர்களுக்கு நல்ல காற்று வரும். அதனால் அந்த இடத்துக்கு இடையர்களுக்குள் போட்டி.

“விலை கூடின சாமான்ல என்னத்தச் செஞ்சாலும் அது அந்தச் சாமானாத்தான் தெரியும் மாஸ்டர்,” என்று ஒருநாள் எனக்குச் சொன்னார். “மலிஞ்ச சாமான்தான் நாம சொன்னத்தக் கேக்கும். புனலப் பாத்து நீ முடியாயிரு எண்டு சொன்னா, பாவம், அது இரிக்கும்.”

நான் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவன். நாடகத்தில், பாலனுக்கு மீறை என்கிற வாசனைப் பிசின் கொண்டுவருகிற மூன்றாவது ராசா. என் கிரீடமும் ஒரு புனல்தான். ஆனால் அதன் விளிம்பில் சோடா மூடிகளைத் தட்டையாக்கி வளைத்து, தேன்குழல் அச்சுத் தட்டு ஒன்றை நெற்றியில் பதித்திருக்கிற நேர்த்தியைப் பார்த்தால் உண்மையான ராசாவே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பார். ஒரே ஒரு குறை, இறுக்கம். என்னுடையது மட்டுமில்லை, எல்லா ராசாக்களின் கிரீடமும் இறுக்கம்தான். காரணம் எங்கள் ஊர் வழக்கம். நாடக உடுப்பும் சாமானும் அரங்கேற்றத்தன்று பூசை வைக்கிற சுவாமியார் வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும்வரை நடிக்கிறவன் எவனும் அதைத் தொடக்கூடாது. தொட்டால் மேடையில் நாக்கு ஒட்டிக்கொள்ளுமாம். செய்கிறவருக்கு மட்டும் அந்தத் தடை இல்லை. ஆகவே செபஸ்தியக்கா எல்லாவற்றையும் தன்மேல்தான் போட்டுப் பார்ப்பார், தன் தலையளவுக்குத்தான் முடிப்பார். ஏரோது நெற்றியைச் சுருக்கி, பல்லைக் கடித்து, கண் சிவக்கக் குழந்தைகளைக் கொல்ல உத்தரவு போடுகிறபோது, “அடா, என்ன நடிப்பு!” என்று வாவிக்கு அக்கரையிலிருந்து வருகிற சனம் வியக்கும். நடிப்பாவது மண்ணாவது, தலையிடி.

ராசாவின் கிரீடத்தைப் போட்டுப் பார்த்த அந்தத் தலை ஒருநாளும் மேடை ஏறியதில்லை. எங்கள் ஊர்க் களரியில் பெண்கள் ஏறுவதில்லை. மாதாவாக வருகிறவர் மீசையை வழித்துக்கொண்ட ஒரு தோணிக்காரர். அவர் உடுத்துகிற சேலை செபஸ்தியக்காவின் கல்யாணக் கூறை.

“என்ட கூறைய உடுத்துக்கொண்டு அவன் மேல நிக்கிறான். நான் கீழ நிண்டு அவனுக்கு ஊசி குத்தி விடுறன்,” என்று சொல்லிச் சிரிப்பார். “கூறைக்குக் கிடைச்ச பாக்கியம் எனக்குக் கிடைக்கல்ல பாத்தீங்களா?” சிரித்து முடித்ததும் மெசினைச் சுற்றத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு வேடத்தின் பாட்டும் வசனமும் அவருக்கு மனப்பாடம். கோயில் முற்றத்தில் ஒத்திகை நடக்கிறபோது எதிர்வீட்டு மெசின் சத்தத்துக்கு மேலாக அவர் ஏரோதுக்கும் பாடுவார், மாதாவுக்கும் பாடுவார். குரல் என்றால் அப்படியொரு குரல். பூசையில் அவர் பாடத் தொடங்கினால் பின்வாங்கில் தூங்குகிறவர்களும் எழும்பிவிடுவார்கள்.

ஒருமுறை பெரிய மூப்பரிடம் கேட்டும் பார்த்திருக்கிறார். மத்தேயு மூப்பர்தான் கோயிலுக்குத் தலைவர், நாடகத்தைப் பழக்குகிற அண்ணாவியாரும் அவர்தான். தாளம் போடுகிற சல்லரியைக் கையில் எடுத்தால் சுவாமியாருக்குக்கூட அடங்காத மனிதர்.

“மூப்பர், ஒரு இடைச்சியாவது ஏறி நிண்டா என்ன? ஒரு வசனமும் வேணாம். மூலைக்குள்ள நிக்கிறன்.”

“என்ட அப்பன் வச்ச சட்டம் புள்ள. பொம்பிளக் கால் களரியில படப்போடா. என்னை ஒண்டும் கேளாத.”

செபஸ்தியக்கா திரும்பிப் போய் மெசினில் உட்கார்ந்தார். அன்று மாலையே மூப்பரின் பேரப்பிள்ளைக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனுப்பினார். மனதில் வைத்துக்கொண்டு முகத்தைத் தூக்குகிற ஆள் அவர் இல்லை. மனதில் வைத்துக்கொள்ளவே இல்லை என்று நான் நினைத்ததுதான் என் மடைத்தனம்.

சென்ற தை நாடகத்துக்குமுன் ஊருக்கு ஒரு சோதனை வந்தது. அக்கரை ஊர்க்காரர் தங்கள் நத்தார்ப் பாலன்பிறப்பு நாடகத்தில் உயிருள்ள பசு ஒன்றைத் தொழுவத்தில் கட்டினார்கள். அந்த மாடு சம்மனசு தோன்றுகிற நேரம் பார்த்து “ம்மா” என்று கத்தியதாம். சனம் அழுததாம். தோணியில் வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் இதே கதை. மூப்பருக்குச் சோறு இறங்கவில்லை. ஒத்திகையின் நடுவில் சல்லரியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “அவனுகள் மாடு கட்டினா, நாம ஒட்டகம் கட்டுவம்.”

மட்டக்களப்பில் ஒட்டகத்துக்கு எங்கே போவது? எல்லாருடைய கண்ணும் எதிர்வீட்டு விறாந்தைக்குப் போயிற்று. மெசின் நின்றது.

“செய்வம்,” என்றார் செபஸ்தியக்கா. “அதுக்கு எத்தின கால்?”

“நாலு புள்ள. மாடு மாதிரித்தான். முன்னுக்கு நோபேட்டு, பின்னுக்கு பேக்கரி ஹெக்டர். ரெண்டு ஆம்பிளையள் குனிஞ்சு போனா சரி.”

ஊரில் ஒருவரும் ஒட்டகத்தைக் கண்டதில்லை. ஹாஜியார் கடையில் பேரீச்சம்பழப் பெட்டி ஒன்று இருந்தது, அதன் மேல்தாளில் ஒட்டகப் படம். மணல், ஒரு மரம், மரத்தடியில் ஒட்டகம், அதன் முதுகில் கம்பளம் போர்த்த பொதி. மங்கலான அச்சு. செபஸ்தியக்கா அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு கடைக்குள் இறங்கினார்.

அன்று அவர் வாங்கிய சாமானைப் பார்த்தவர்கள் பைத்தியம்தான் என்று முடிவு கட்டியிருப்பார்கள். சீனி வந்த சாக்குகள். தும்புத்தடிகள். பொம்பிளைப் பிள்ளைகள் பவுடர் பூசுகிற வட்டக் கைக்கண்ணாடி இரண்டு. மலிவான சப்பாத்துப் பிரஷ் ஒன்று. பெரிய ஓலைக் கடகம் ஒன்று. கடைசியாக, சோடி பிரிந்து விலைப்படாமல் கிடந்த றப்பர் சிலிப்பர் இரண்டு, இரண்டும் இடதுகால்.

“ரெண்டும் ஒரே கால் புள்ள!” என்றார் ஹாஜியார்.

“காலுக்கில்ல ஹாஜியார். சொண்டுக்கு.”

பிறகு நாள்கணக்காக மழை. மாரி மழை, வாவி வீதிவரை ஏறிவிட்டது. விறாந்தையில் ஒட்டகம் துண்டுதுண்டாகத் தொங்கியது. தேநீர்க் கடையில் வாங்கிய வெற்றுப் பால்பேணித் தகரங்களைக் கயிற்றில் கோத்துக் கழுத்துச் செய்தார். மேலே சாக்குச் சுற்றினால் அந்தக் கழுத்து வளையும், நிமிரும், திரும்பிப் பார்க்கும். கண்ணுக்குக் கைக்கண்ணாடி. இமைக்குச் சப்பாத்துப் பிரஷின் மயிர். சிலிப்பர் இரண்டும் வாயின் சொண்டுகள். உள்ளே இருந்து ஒரு நூலை இழுத்தால் அசைபோடும். இரண்டும் இடதுகால் ஆனபடியால் அந்த ஒட்டகத்துக்கு ஒருபக்கமாக இளிக்கிற முகம் வாய்த்துவிட்டது. வீதியால் போகிற நாய்கள் நின்று குரைத்துவிட்டுப் போயின. நோபேட் அண்ணன் அதிகம் பேசாத மனிதர். இறால் பிடித்துக்கொண்டு வந்தவர், தலைமாட்டில் ஒட்டகத்தலை கிடப்பதைப் பார்த்து, “இது என்ட பாய்க்குத்தான் வரவேணுமா?” என்று மட்டும் கேட்டாராம்.

ஒட்டகம் முடிந்த செய்தி கேட்டு ஹாஜியார் சைக்கிளில் வந்தார். கப்பலேறி மக்கத்துக்குப் போய் வந்தவர், இந்தப் பக்கத்தில் உண்மையான ஒட்டகத்தைக் கண்ட ஒரே ஆள். சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கண்ணைப் பார்த்து “மாஷா அல்லாஹ்” என்றார். சொண்டைப் பார்த்து, “இதுதான், இப்பிடித்தான் மனிசனை மதியாமப் பாக்கும்” என்றார். செபஸ்தியக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

“இன்னும் இரிக்கி ஹாஜியார், பாருங்க” என்று ஒட்டகத்தின் முதுகில் இருந்த நாடாவை அவிழ்த்து, திமிலை அப்படியே கையில் தூக்கிக் கீழே வைத்தார். கடகத்தைக் கவிழ்த்து, சாக்கால் மூடி, தும்பு ஒட்டிய அருமையான திமில். அது இருந்த இடத்தில் முதுகில் வட்டமாக ஒரு ஓட்டை.

ஹாஜியார் சிரித்த சிரிப்பில் தலையிலிருந்த தொப்பி விழுந்துவிட்டது. “என்ன புள்ள இது! அது கழட்டுற சாமானில்ல. அதுட உடம்பு, இறைச்சி! முதுகோட பொறந்தது!”

செபஸ்தியக்கா கையை வாயில் வைத்துக்கொண்டார். பேரீச்சம்பழப் பெட்டியில் கண்டதை அவர் முழுவதும் பொதி என்றே நினைத்திருந்தார். சுமை என்றால் ஊர் வந்ததும் இறக்குவார்கள்தானே என்பது அவர் கணக்கு.

“என்ட சேசுவே! அப்ப சாகுமட்டும் சுமக்கிறதா? படுக்கக்குள்ளயுமா?”

“ஓம். அல்லாஹ் அப்பிடித்தான் படைச்சிரிக்கான்.”

திமிலை மடியில் வைத்துத் தடவினார். “மக்கத்து ஒட்டகம் எப்பிடியும் இரிக்கட்டும் ஹாஜியார்,” என்றார் பிறகு. “நம்மட ஒட்டகம் ஊருக்கு வந்தா இறக்கி வைக்கட்டும். உள்ளுக்கு இரிக்கிறவனுக்குக் காத்தும் வரும்.” நாடாவை மறுபடி கட்டினார். தைத்து மூடச் சொல்லி ஹாஜியார் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை.

மூன்று ராசாக்கள் திருநாளன்று மழை விட்டது. பின்னேரமே சனம் பாயோடு வந்து இடம் பிடித்தது. அக்கரையிலிருந்து தோணி தோணியாக வந்தார்கள், மாட்டுக்காரர் உட்பட. முன்வரிசைக் கதிரையில் ஹாஜியார், புது வேட்டி, அத்தர் வாசம். மேடைக்குப் பின்னால் சுவாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். நான் என் கிரீடத்தை மண்டையில் அழுத்திக்கொண்டேன். நோபேட் அண்ணன் முன்னங்காலுக்குள் இறங்கினார், கச்சிதம்.

அடுத்தது பின்னங்கால். ஹெக்டர் எங்கள் ஊர்ப் பேக்கரிக்காரர். சுட்ட பாணில் விற்றது போகத் தின்றது அதிகம். சாக்குக் கால்சட்டைக்குள் ஒரு காலை விட்டார். முழங்காலோடு நின்றுவிட்டது. இரண்டு இடையர்கள் இழுத்தார்கள், ஒரு ராசா தள்ளினார். சாக்கு அசையவில்லை. தையல் பிரியுமா என்று பார்த்தோம். செபஸ்தியக்காவின் தையல், அது பிரியுமா? ஹெக்டர் ஒற்றைக் காலில் துள்ளித்துள்ளி ஏரோதின்மேல் விழுந்தார். வேறு ஆள் தேடினால் அளவான ஆம்பிளைகள் அத்தனை பேரும் வேடத்தில் நிற்கிறார்கள். வேடமில்லாதவர்கள் ஒன்று கொழுப்பு, இல்லையென்றால் நெடுப்பம்.

“என்ன செபஸ்தி இது?” மூப்பரின் குரல் கீச்சிட்டது. “ஊருக்கெல்லாம் உடுப்புத் தைக்கிற நீ!”

“அளவு புழைச்சிப் போச்சு மூப்பர்.” தலையைக் குனிந்துகொண்டு சேலைத் தலைப்பை முறுக்கினார் செபஸ்தியக்கா. “போட்டுப் பாக்க ஆக்கள் இல்லையே. என்ட அளவுக்கு வெட்டிப்போட்டன் போல.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆளை ஒருதரம் பார்த்தே அளவு சொல்கிற மனுசி. ஹெக்டரின் கல்யாணக் கால்சட்டையைத் தைத்ததும் இவர்தான். என் கண்ணைச் சந்தித்ததும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அடி கள்ளி என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மூப்பருக்கும் விளங்காமல் இல்லை. “ஏலா, அது நடக்காது,” என்றார். “பொம்பிளக் கால் களரியில படப்போடா.”

“என்ட கால் எங்க மூப்பர் படுது? படுறது ஒட்டகத்துட கால்தானே.”

மூப்பர் சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியார் சிரிப்பை அடக்கக் கைலேஞ்சியால் மூக்கைத் துடைத்தார். “ஒட்டகம் ஆணா பெண்ணா என்று வேதாகமத்தில் எழுதியில்லை மூப்பர். நானும் பார்த்துவிட்டேன்” என்றார். வெளியே சனம் கைதட்டி அவசரப்படுத்தியது. அக்கரைக்காரன் எவனோ “ம்மா” என்று மாடு மாதிரிக் கத்தினான். அந்தச் சத்தம் மூப்பரை உலுப்பிவிட்டது.

“சரி, பூந்து தொலை. ஆனா உள்ளுக்கு ஆரு எண்டு ஒரு குஞ்சுக்கும் தெரியப்போடா. மூச்சுக் காட்டப்போடா. விளங்கிச்சா?”

“ஒட்டகம் கதைக்குமா மூப்பர்?” என்று சொல்லிக்கொண்டே சாக்குக்குள் மறைந்தார் செபஸ்தியக்கா. முன்னாலிருந்து நோபேட் அண்ணனின் குரல் வந்தது: “கவனமா வா. இடுப்பப் புடிச்சிக்க.”

நான் கயிற்றைப் பிடித்து ஒட்டகத்தை மேடைக்குக் கொண்டுவந்தேன். சனம் “ஓ” என்று எழும்பிற்று. விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடிக் கண் இரண்டும் மின்ன, ஒருபக்கமாக இளித்துக்கொண்டு, பால்பேணிக் கழுத்தைத் திருப்பி அக்கரைக்காரரை மேலிருந்து கீழாகப் பார்த்தது அது. “இதுதான்! மக்கத்தில கண்ட அதே சாமான்!” என்று கதிரையில் ஏறி நின்று சாட்சி சொன்னார் ஹாஜியார்.

அப்புறம் மத்தளம் முழங்கியது. முன்னங்கால் நோபேட் அண்ணனின் கால். சேற்றில் வலை இழுக்கிற கால், அது பாட்டுக்கு நடந்தது. பின்னங்கால் அப்படியா? தாளம் விழ விழ அது ஆடியது. ஒவ்வொரு ஆட்டமும் பிசகாமல், ராசாவுக்கு ஒரு வரவு, வீரனுக்கு ஒரு துள்ளல் என்று, இத்தனை வருடமும் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்ததையெல்லாம் அது ஆடித் தீர்த்தது. வால் சுழன்றது. “பின்னங்காலப் பாருங்கடா! பின்னங்காலப் பாருங்கடா!” என்று பொடியன்மார் விசிலடித்தார்கள். மூப்பரின் சல்லரிகூட அவரை அறியாமல் வேகம் பிடித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், கிரீடம் ஒரு பக்கம், மண்டை விண்விண்ணென்று தெறித்தது.

தொழுவத்தின் முன்னால் மூன்றாவது ராசா பாட வேண்டிய இடம் வந்தது. பாடினேன்:

“கீழ்த்திசை மன்னன் நானே –”

அடுத்த அடி? போயிற்று. மத்தளம் ஒருசுற்று வந்தது, நான் மறுபடியும் “கீழ்த்திசை மன்னன் நானே” என்றேன். மன்னன் அங்கேயே நின்றான். அக்கரைப் பக்கம் ஒரு கிசுகிசு எழும்பியது. அந்த நேரம் ஒட்டகத்தின் பின்பக்கத்திலிருந்து, மணி போன்ற குரலில், முழுச் சுருதியோடு பாட்டு வந்தது:

“கிளர்ந்தெழும் வெள்ளி கண்டு
வாழ்த்திட வந்தேன் பாலா
மணக்குமிம் மீறை கொண்டு!”

சல்லரி நின்றுவிட்டது. மத்தளமும் நின்றது. அந்தக் குரலை அறியாத ஆள் எங்கள் ஊரில் உண்டா? பாயிலிருந்து ஒரு பொம்பிளை சொன்னாள்: “என்ன கா, அது நம்மட செபஸ்தியில்லையா?”

எல்லாருடைய முகமும் மூப்பரிடம் திரும்பிற்று. சாக்குக்குள் பின்னங்கால் இரண்டும் ஒரு எட்டுப் பின்னுக்குப் போவதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இறங்கு என்று ஒரு சொல் அவர் சொன்னால் போதும், இனி ஒருநாளும் அந்தக் கால் களரியைக் காணாது. மூப்பர் சனத்தைப் பார்த்தார். சனம் பாயிலிருந்து எக்கிப் பார்த்தது. ஒட்டகத்தைப் பார்த்தார். ஒட்டகம் ஒருபக்கமாக இளித்துக்கொண்டு நின்றது. கிழவரின் வாய் ஓரம் துடித்தது. கோபமா சிரிப்பா என்று அவருக்கே தெரியாமல் இருந்திருக்கும். பிறகு சல்லரியைத் தூக்கி ஓங்கித் தட்டினார்.

“படிச்சது படிச்சிற்றாய். மிச்சத்தையும் படி புள்ள!”

அடடா, அந்தச் சத்தம்! பாயில் இருந்த சனமெல்லாம் எழும்பி நின்று கைதட்டிற்று. செபஸ்தியக்கா பாடினார். என் பாட்டை முழுவதும் பாடினார், நான் வாயை மட்டும் அசைத்தேன். மற்ற இரண்டு ராசாக்களும் பார்த்துவிட்டுத் தங்கள் பாட்டையும் அவரிடமே விட்டுக்கொடுத்தார்கள். மாதாவாக நின்ற தோணிக்காரர் கூறைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். கடைசி அடியில் ஒட்டகம் பாலன்முன் முழங்காலிட்டது, முன்கால் முதலில், பின்கால் பிறகு, தாளம் தவறாமல்.

“முகத்தக் காட்டு!” என்று ஒருவர் கத்தினார். பிறகு ஊரே கத்தியது. அக்கரைக்காரரும் கத்தினார்கள். “முகத்தக் காட்டு செபஸ்தி!”

ஒட்டகத்தின் முதுகில் ஏதோ நெளிந்தது. சாக்குக்குள்ளிருந்து ஒரு கை நாடாவைத் தேடுவது தெரிந்தது. முடிச்சு அவிழ்ந்தது. திமில் மெல்ல மேலே எழும்பியது. அதன் கீழே செபஸ்தியக்காவின் நெற்றி வந்தது, கண் வந்தது, வேர்த்து விறுவிறுத்த முகம் முழுவதும் வந்தது. கன்னத்தில் தும்பு ஒட்டியிருந்தது. கடகம் அவர் தலையிலேயே இருந்தது. ஒரு கணம் கீழே பார்த்தார், இத்தனை காலமும் தான் நின்று ஊசி குத்திய அந்த இடத்தை. பிறகு சாக்கின் ஓட்டை வழியே ஒரு கையை வெளியே எடுத்து, தலையிலிருந்த திமிலின் உச்சியில் இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டி, அதை நேராக்கினார்.